லேன் போர்ட் போய்விட்டதா? நெட்வொர்க் கார்டு வாங்கி மாட்டுவது எப்படி

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் எங்கள் தெருவில் இடி இறங்கியது. ஃபேன் ஓடியது, டிவி ஓடியது, சிஸ்டமும் வழக்கம்போல ஆன் ஆனது. நெட் மட்டும் வரவில்லை. மதர்போர்டில் இருந்த லேன் போர்ட், அதாவது நெட் கேபிளைச் செருகும் இடம், போய்விட்டது என்று கண்டுபிடிக்கவே எனக்கு ஆறு நாள் ஆனது. சரிசெய்ய இன்னும் ஐந்து நாள்.

அந்தப் பதினோரு நாளில் செலவழித்த கணக்கைச் சொல்லிவிடுகிறேன். வந்து பார்த்த சர்வீஸ்காரருக்கு 500 ரூபாய். அவர் பேச்சைக் கேட்டு வாங்கிய ரவுட்டர் 1,650. என் சிஸ்டத்தில் மாட்டவே முடியாத பழைய வகைக் கார்டு 450. அடுத்து வாங்கிய யுஎஸ்பி அடாப்டர் 350. கடைசியில் சரியான கார்டு 850, புது கேபிள் 150. மொத்தம் 3,950. உண்மையில் தேவைப்பட்டது அந்தக் கடைசி 1,000 ரூபாயும், அரைமணி நேரமும்தான். நீங்கள் அந்த 1,000 ரூபாயிலேயே முடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

விண்டோஸ் 10 அல்லது 11 ஓடும் டெஸ்க்டாப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன். லேப்டாப் என்றால் எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. இந்தக் கார்டு என்ன செய்யும், என்ன செய்யாது

கடைத்தெருவில் இதற்கு லேன் கார்டு என்றுதான் பெயர். இப்போது வரும் மதர்போர்டுகளில் தனிக் கார்டாக இருக்காது. நகம் அளவு சிப் ஒன்றைப் போர்டிலேயே வைத்துவிடுகிறார்கள். பின்பக்கம் போன் ஜாக்கைவிடக் கொஞ்சம் அகலமாகத் தெரியும் சதுர ஓட்டை அதனுடைய வாய். ஆன்போர்டு சிப் ஆனாலும் தனிக் கார்டு ஆனாலும் வேலை ஒன்றேதான். அதனால்தான் ஒன்று போனால் மற்றொன்றைப் போட்டுச் சமாளிக்க முடிகிறது. மதர்போர்டையே மாற்றச் சொல்பவரிடம் இருந்து தள்ளி நில்லுங்கள்.

வேலை இதுதான்: சிஸ்டம் அனுப்ப வேண்டிய தகவல் சிறு பொட்டலங்களாக வரும். கார்டும் அதன் டிரைவரும் (கார்டோடு பேச விண்டோஸுக்கு உதவும் மென்பொருள்) சேர்ந்து ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் யாருக்கு, யாரிடமிருந்து என்று இரண்டு முகவரிகளைப் போட்டு, முடிவில் 4 பைட் சரிபார்ப்பு எண்ணை ஒட்டி, கேபிள் கம்பியில் மின் சமிக்ஞையாக இறக்கும். எதிரிலிருந்து வருவதில் தன் முகவரிக்கு வந்ததையும், எல்லோருக்கும் என்று வந்ததையும் உள்ளே எடுத்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். சரிபார்ப்பு எண் ஒத்துப்போகாததைத் தூக்கிப் போட்டுவிடும்.

அந்த முகவரிக்கு மேக் முகவரி என்று பெயர். 48 பிட் நீளம். பார்ப்பதற்கு 12 எழுத்தும் எண்ணுமாக இருக்கும். முதல் 6 தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும், மீதி 6 அந்த ஒரு கார்டை. கார்டை மாற்றினால் முகவரியும் மாறிவிடும். இது இப்போது சின்ன விஷயமாகத் தெரியும். என் பதினோரு நாளில் பாதியைத் தின்றது இதுதான். 8-ஆம் படியில் வருகிறேன்.

கார்டு செய்யாததும் உண்டு. உங்கள் பிளான் 100 எம்பிபிஎஸ் என்றால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கார்டானாலும் 101 ஆக்காது. போனில் வைஃபை மெதுவாக வருவதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

2. போனது கார்டுதானா என்று உறுதி செய்யுங்கள்

பர்ஸைத் திறப்பதற்கு முன் இந்தப் படியை முழுசாக முடியுங்கள். கால் மணி நேரம் போதும், காசு எதுவும் ஆகாது.

முதலில் சிஸ்டத்தை ஷட் டவுன் செய்து, பவர் கார்டைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ஷட் டவுன் ஆன பிறகும் லேன் சிப்புக்குக் கொஞ்சம் மின்சாரம் போய்க்கொண்டேதான் இருக்கும். சில நேரம் சிப் செத்திருக்காது, மயங்கித்தான் கிடக்கும். இப்படி முழுக்க வடியவிட்டால் எழுந்துகொள்ளும். எழுந்துவிட்டால் உங்கள் வேலை முடிந்தது, மேலே படிக்க வேண்டாம்.

எழவில்லை என்றால் போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் குட்டி விளக்குகளைப் பாருங்கள். கேபிளைச் செருகியதும் ஒன்று நிலையாக எரிய வேண்டும், இன்னொன்று விட்டுவிட்டு மின்ன வேண்டும். எரியவே இல்லை என்றால் கேபிள், எதிர்முனை, கார்டு மூன்றில் ஒன்று போயிருக்கிறது. வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். ரவுட்டர் இருந்தால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். அப்புறம் அதே கேபிளை, லேன் போர்ட் உள்ள ஒரு லேப்டாப்பில் செருகுங்கள். லேப்டாப்பில் விளக்கு எரிந்து உங்கள் சிஸ்டத்தில் எரியவில்லை என்றால் கோளாறு கார்டு பக்கம்தான்.

இங்கேதான் நான் விழுந்த குழி. எங்கள் தெரு ஆபரேட்டர் கம்பத்துப் பெட்டியிலிருந்து செப்புக் கேபிளை நேராக வீட்டுக்குள் இழுத்து, சிஸ்டத்திலேயே செருகியிருந்தார். நடுவில் ரவுட்டர் கிடையாது. அந்தக் கேபிளை மச்சான் லேப்டாப்பில் போட்டேன். விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. சர்வீஸ்காரர் சொல்படி ரவுட்டர் வாங்கி மாட்டினேன். அதிலும் விளக்கு எரிந்தது, நெட் வரவில்லை. அப்படியானால் லைனில்தான் கோளாறு என்று ஆபரேட்டரோடு இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. பழைய கார்டின் மேக் முகவரியைத் தவிர வேறு எதையும் உள்ளே விடாதபடி ஆபரேட்டர் பூட்டி வைத்திருந்தார். ஆகவே இந்தச் சோதனையில் விளக்கை மட்டும் பாருங்கள். நெட் வருகிறதா என்று பார்த்துக் குழம்பாதீர்கள்.

அடுத்து விண்டோஸ் என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, நெட்வொர்க் அடாப்டர்கள் என்ற வரியை விரியுங்கள். அங்கே மூன்று விதமாக இருக்கலாம்.

ரியல்டெக் அல்லது இன்டெல் என்று ஒரு பெயர் இருக்கிறது, ஆனால் மஞ்சள் முக்கோணமும் இருக்கிறது: பெரும்பாலும் டிரைவர் பிரச்சினை. அந்தப் பெயரில் வலது கிளிக் செய்து அன்இன்ஸ்டால் கொடுத்து, சிஸ்டத்தை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

பெயர் ஒழுங்காக இருக்கிறது, ஆனால் கேபிள் செருகப்படவில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறது: சிப் உயிரோடு இருந்து, கேபிளோடு பேசும் பகுதி மட்டும் போயிருக்கலாம். இடி விழுந்தால் இப்படியும் ஆகும்.

பெயரே இல்லை: அவசரப்பட்டுச் செத்துவிட்டது என்று முடிவு செய்யாதீர்கள். பயாஸுக்குள் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் அமைப்புத் திரை) போய் ஆன்போர்டு லேன் என்ற வரி அணைத்து வைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆன் செய்துமே பெயர் வரவில்லை என்றால், ஆம், போய்விட்டது.

விளக்கு எரிகிறது, பெயரும் இருக்கிறது, ஆனால் ஐபி முகவரி 169.254 என்று தொடங்குகிறது என்றால் கார்டைக் குறை சொல்ல முடியாது. முகவரி கொடுக்க வேண்டிய ரவுட்டரிடமிருந்தோ ஆபரேட்டரிடமிருந்தோ பதில் வராததால் விண்டோஸ் தானாகப் போட்டுக்கொண்ட எண் அது.

3. கேபினட்டைத் திறந்து ஸ்லாட்டைப் படம் எடுங்கள்

கடைக்குப் போகும் முன் இதைச் செய்யாததற்கு நான் கொடுத்த விலை 450 ரூபாய். லேன் கார்டு கொடுங்கள் என்று கேட்டேன், கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அது பழைய பிசிஐ வகை. என் போர்டில் அந்த ஸ்லாட்டே, அதாவது அந்தக் கார்டைச் செருகும் பள்ளமே, கிடையாது. திரும்ப எடுத்துப் போனபோது, "ஸ்லாட்டப் பாத்துட்டு வரக்கூடாதாண்ணே? கவரப் பிரிச்சுட்டீங்களே" என்றார் கடைத் தம்பி. அவர் சொன்னதும் நியாயம்தான்.

பழைய பிசிஐ ஸ்லாட் நீளமானது, ஏறக்குறைய எட்டரை சென்டிமீட்டர். பெரும்பாலும் வெள்ளை நிறத்தில் இருக்கும். இப்போதைய பிசிஐ எக்ஸ்பிரஸ் வகையில் லேன் கார்டுக்கான ஸ்லாட் குட்டையானது, இரண்டரை சென்டிமீட்டர்தான் இருக்கும். இதை எக்ஸ் 1 என்பார்கள். குட்டை ஸ்லாட் காலியாக இல்லையென்றாலும் பரவாயில்லை. அதே குடும்பத்தின் நீள ஸ்லாட்டிலும் எக்ஸ் 1 கார்டு உட்கார்ந்துகொள்ளும், வேலையும் செய்யும். ஸ்லாட்டின் மீதி நீளம் காலியாகக் கிடக்கும், அவ்வளவுதான். பழைய பிசிஐ கார்டோ புது ஸ்லாட்டில் எப்படித் திருப்பினாலும் போகாது.

இன்னும் இரண்டைக் கவனியுங்கள். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் அதன் ஃபேன் பக்கத்து ஸ்லாட்டை மூடியிருக்கும். எண்ணிக்கையில் இருக்கும், கை போகாது. அலுவலகங்களில் கழித்துவிட்ட ஒல்லியான செகண்ட் ஹேண்ட் சிஸ்டம் என்றால் கேபினட்டின் உயரம் குறைவு, பாதி உயர இரும்புப் பட்டைதான் பொருந்தும். பெட்டிக்குள் அந்தக் குட்டைப் பட்டையும் சேர்ந்து வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, ஸ்லாட் பகுதியை வெளிச்சத்தில் இரண்டு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மதர்போர்டின் மாடல் எண் போர்டிலேயே அச்சாகியிருக்கும், அதையும் ஒரு படம். கடையில் போனை நீட்டினால் வாய்ப்பேச்சு மிச்சம்.

லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கும், கேபினட்டைத் திறந்தால் வாரண்டி சீல் கிழியும் நிலையில் இருப்பவர்களுக்கும் வழி ஒன்றுதான்: யுஎஸ்பி அடாப்டர்.

4. எந்த வேகம், எவ்வளவு விலை

வீட்டுக்கு 1 கிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) கார்டு போதும். 2.5 கிகாபிட் கார்டு வாங்கினால் ரவுட்டரிலும் 2.5 கிகாபிட் போர்ட் வேண்டும். ரவுட்டரில் 1 கிகாபிட் போர்ட்தான் இருக்கிறது என்றால் இரண்டும் பேசி 1-க்கே இறங்கிவிடும்; கூடுதலாகக் கொடுத்த காசு சும்மா கிடக்கும். வீட்டுக்குள்ளேயே இரண்டு சிஸ்டங்களுக்கு நடுவே பெரிய வீடியோ கோப்புகளை மாற்றுகிறவர்களுக்கு அது வேறு கணக்கு.

நான் விசாரித்த கடைகளில், பிசிஐ எக்ஸ்பிரஸ் 1 கிகாபிட் கார்டு பிராண்டைப் பொறுத்து 700 முதல் 1,100 வரை சொன்னார்கள். 2.5 கிகாபிட்டுக்கு 1,600-க்கு மேல். யுஎஸ்பி கிகாபிட் அடாப்டர் 900 முதல் 1,500. விலை மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் இதை ஒரு குத்துமதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம் அந்த விலைக்குள் இருக்கிறதா, மேலே வருமா என்று முதலிலேயே கேளுங்கள். பில் போடும் நேரத்தில்தான் அந்தப் பேச்சு எழும்.

சிப் பெயரைக் கேட்டால் கடைக்காரர் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார், ஆனாலும் கேளுங்கள். கிகாபிட் கார்டுகளில் அதிகம் கிடைப்பது ரியல்டெக் 8111 அல்லது 8168. விண்டோஸும் லினக்ஸும் இதை நன்றாக அடையாளம் காணும். 2.5 கிகாபிட்டில் ரியல்டெக் 8125. யுஎஸ்பி அடாப்டரில் ரியல்டெக் 8153 என்றால் கிகாபிட். 8152 என்றால் வெறும் 100 எம்பிபிஎஸ். ஓர் எண்தான் வித்தியாசம்!

நான் வாங்கிய 350 ரூபாய் அடாப்டரின் உறையில் யுஎஸ்பி 3.0 என்று பெரிதாகப் போட்டிருந்தது. செருகும் நாக்கும் நீலமாகத்தான் இருந்தது. உள்ளே இருந்தது 100 எம்பிபிஎஸ் சிப். நீல நிறம் யாரும் அடிக்கக்கூடிய சாயம்தான். 350 ரூபாய்க்குக் கிகாபிட் கிடைக்கிறது என்றால் நம்பாதீர்கள். உங்கள் பிளானே 100-க்குள்தான் என்றால் அது தாராளமாகப் போதும் என்பதையும் சொல்லிவிட வேண்டும், என்னுடையது 200.

அடாப்டர் நல்லதாகவே இருந்தாலும், சிஸ்டத்தில் இருப்பது பழைய யுஎஸ்பி 2.0 போர்ட் என்றால் அதன் உச்சமே 480 எம்பிபிஎஸ்தான். கைக்கு வருவது அதைவிடக் குறையும். 3.0 போர்ட்டில் செருகினால்தான் கிகாபிட்டின் முழுப் பயன்.

5. கடை, பில், வாரண்டி

சென்னையில் இருந்தால் ரிச்சி தெரு போதும். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பூட்டிய ஷட்டர்களைப் பார்த்துவிட்டு வராதீர்கள். வார நாளில் பதினொன்றரைக்கு மேல் போனால் கடைகள் முழுசாகத் திறந்திருக்கும். வெளியூர்களில், கேமராவும் ரவுட்டரும் விற்கும் கடைகளில் கேளுங்கள். லேப்டாப் ஷோரூம்களில் இந்தப் பொருளே இருக்காது.

எடுத்துப் போக வேண்டியவை: ஸ்லாட் படம், மதர்போர்டு மாடல் படம், பழைய சிஸ்டத்தின் பில். மூன்றாவது எதற்கு என்றால், சிஸ்டம் வாங்கி மூன்று வருடம் ஆகவில்லையெனில் மதர்போர்டே வாரண்டியில் இருக்கலாம். புதுக் கார்டுக்குச் செலவழிக்கும் முன் கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் ரொம்ப நம்பிக்கை வேண்டாம். இடி, மின்னழுத்த ஏற்ற இறக்கம், தண்ணீர் மூன்றையும் வாரண்டிச் சீட்டுகளில் பொதுவாகவே விலக்கி வைத்திருப்பார்கள். போர்ட்டின் ஓரம் கருகியிருந்தால் திறந்து பார்த்த அடுத்த நிமிடம் திருப்பித் தந்துவிடுவார்கள். ஏற்றுக்கொண்டாலும் போர்டு போய் வரும் நாள்களில் சிஸ்டமே இல்லாமல் இருக்க வேண்டும். எனக்கு மூன்று வாரம் ஆகும் என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

பில்லில் நான்கு விஷயம் இருக்க வேண்டும்: தேதி, பொருளின் மாடல் பெயர், சீரியல் எண், கடையின் ஜிஎஸ்டி எண். வெறுமனே 'லேன் கார்டு 1' என்று எழுதித் தந்தால் சீரியல் எண்ணையும் எழுதச் சொல்லுங்கள். பெட்டியைத் தூக்கிப் போடாதீர்கள். வாரண்டிக்குப் போகும்போது பெட்டியில் ஒட்டியிருக்கும் எண்ணையும் ஒப்பிடுவார்கள். பில் வெளிறிப்போகும் தாளில் வந்தால் அன்றைக்கே படம் எடுத்துவிடுங்கள், ஆறு மாதத்தில் அது வெற்றுத் தாள்.

ஆன்லைனில் வாங்குவதானால், திருப்பி எடுத்துக்கொள்வார்களா அல்லது மாற்றித் தருவது மட்டும்தானா என்ற வரியைப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. ஸ்லாட் பொருந்தாத கார்டுக்கு மாற்றாக அதே பொருந்தாத கார்டு இன்னொன்று வந்து சேரும். பெட்டியைப் பிரிக்கும்போது இடையில் நிறுத்தாமல் ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தவறான பொருளை அனுப்பிவிட்டு மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

6. மாட்டும் முன் டிரைவரை எடுத்து வையுங்கள்

நெட் வருவதற்கு டிரைவர் வேண்டும், டிரைவர் இறக்க நெட் வேண்டும். இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டு நான் ஓர் இரவு முழுக்க உட்கார்ந்திருந்தேன். கார்டோடு ஒரு சிடி வந்தது. சிடி டிரைவ் யாரிடம் இருக்கிறது?

ரியல்டெக் 8111 என்றால் விண்டோஸ் 10, 11 இரண்டும் பெரும்பாலும் தானாகவே கண்டுகொள்ளும். புது சிப் என்றால், குறிப்பாகப் பழைய விண்டோஸ் 10-இல், சிரமம் வரும். எளிய வழி: ஆண்ட்ராய்டு போனை யுஎஸ்பி கேபிளால் சிஸ்டத்தில் செருகி, ஹாட்ஸ்பாட் அமைப்புக்குள் யுஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்யுங்கள். போன் தானே ஒரு நெட்வொர்க் கார்டாக விண்டோஸுக்குத் தெரியும். போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபை நெட்டே சிஸ்டத்துக்கும் போகும், மொபைல் டேட்டா செலவாகாது. இது தெரிந்திருந்தால் அன்றிரவு தூங்கியிருப்பேன்.

டிரைவரை சிப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலோ கார்டின் பிராண்ட் தளத்திலோ மட்டும் எடுங்கள். எல்லா டிரைவரையும் ஒரே கிளிக்கில் போட்டுத் தருகிறேன் என்னும் இலவச மென்பொருள்கள் பக்கம் போகாதீர்கள். வேண்டாத நாலு மென்பொருளும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

7. மாட்டுவது

நீங்களே மாட்டலாம். ஒரு ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும், 20 நிமிடம் ஆகும்.

சிஸ்டத்தை அணைத்து, எஸ்எம்பிஎஸ்ஸின் (சிஸ்டத்துக்கு மின்சாரம் தரும் பெட்டி) பின்பக்க ஸ்விட்சையும் அணைத்து, பவர் கார்டைப் பிடுங்குங்கள். பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சத்தை வடியவிடுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுக்கொண்ட பிறகு கார்டை எடுங்கள். உடம்பில் தங்கியிருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். கார்டை ஓரத்தில் பிடியுங்கள், தங்க நிறப் பற்களில் விரல் படக்கூடாது.

ஸ்லாட்டுக்கு நேராகப் பின்பக்கம் ஓர் இரும்புப் பட்டை மூடியிருக்கும். அதைக் கழற்றுங்கள். சில கேபினட்டுகளில் ஸ்க்ரூ இருக்காது, முன்னும் பின்னும் ஆட்டி உடைத்தெடுக்க வேண்டும். விளிம்பு கத்தி மாதிரி இருக்கும், விரல் பத்திரம். கார்டை ஸ்லாட்டுக்கு மேல் நேராக வைத்து இரண்டு கட்டைவிரலாலும் சீராக அழுத்துங்கள். பற்கள் கண்ணுக்குத் தெரியாத அளவு உள்ளே போயிருக்க வேண்டும். பட்டையை ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள். இறுக்காமல் விட்டால், பின்னாலிருந்து கேபிளை இழுக்கிற ஒவ்வொரு முறையும் கார்டு கொஞ்சம் எழும்பும்.

சிஸ்டத்தை ஆன் செய்ததும் பயாஸுக்குள் போய், செத்த ஆன்போர்டு லேனை அணைத்துவிடுங்கள். அரைகுறை உயிரோடு இருக்கும் சிப்பை விட்டு வைத்தால் விண்டோஸ் அடிக்கடி அதையே விசாரித்துக்கொண்டிருக்கும். பழைய போர்ட்டின் வாயில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிடுவதும் நல்லது. எங்கள் வீட்டில் கூட்டிப் பெருக்கும்போது கழன்ற கேபிளை அம்மா அதில்தான் செருகி வைத்தார்கள், மறுநாள் காலை மறுபடியும் எனக்கு நெஞ்சு படபடத்தது.

மாட்டிய பிறகு, விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் அந்த இணைப்பின் வேகம் என்ன என்று பாருங்கள். 1000/1000 எம்பிபிஎஸ் என்று இருக்க வேண்டும். 100/100 என்று இருந்தால் உடனே கார்டைச் சந்தேகிக்காதீர்கள். லேன் கேபிளுக்குள் 8 கம்பிகள், நான்கு ஜோடிகள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடி போதும்; கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி, கேபிள் நுனியின் பிளாஸ்டிக் கனெக்டரில் சரியாகக் கடிபடாமல் (அழுத்திப் பிடிக்கப்படாமல்) இருந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வரும், வேகச் சோதனையில் 94-ஐத் தாண்டாது. 200 எம்பிபிஎஸ் பிளானுக்குக் காசு கட்டிக்கொண்டு வருடக்கணக்காக 94-இல் ஓட்டிக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். என் பழைய கேபிளில் நான்கே கம்பிகளைத்தான் கடித்து வைத்திருந்தார்கள். எதிர்முனை ரவுட்டரின் போர்ட்டே 100-தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். ரவுட்டர் சரி என்றால் கேட் 5இ அல்லது கேட் 6 என்று அச்சிட்ட கேபிளாக வாங்குங்கள். 100 மீட்டர் வரை கிகாபிட் தாங்கும்.

வேகத்தைக் கையால் 1000 என்று அழுத்தி வைக்கும் வேலை வேண்டாம். ஆட்டோவிலேயே இருக்கட்டும்.

சிஸ்டம் தூங்கி எழும்போதெல்லாம் நெட் போகிறது என்றால், டிவைஸ் மேனேஜரில் கார்டின் பண்புகளுக்குள் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற வரியின் டிக்கை எடுத்துவிடுங்கள்.

8. மேக் முகவரியை மாற்றச் சொல்லுங்கள்

ஃபைபர் இணைப்பு, வீட்டுக்குள் அவர்களே வைத்த ரவுட்டர், அதிலிருந்து உங்கள் சிஸ்டம் என்றால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். வெளியே தெரிவது ரவுட்டரின் மேக் முகவரிதான், உங்கள் கார்டை யாரும் கேட்க மாட்டார்கள்.

எங்கள் தெரு மாதிரி நேராகச் சிஸ்டத்துக்குக் கேபிள் வருகிறது என்றால், விளக்கு எரியும், டிரைவர் சரியாக இருக்கும், நெட் மட்டும் வராது. ஆபரேட்டருக்குப் போன் செய்து மேக் மாற்ற வேண்டும் என்று அதே வார்த்தையில் கேளுங்கள். நெட் வரவில்லை என்று மட்டும் சொன்னால் புகார் எண் ஒன்றைக் கொடுத்து, லைன் பார்க்க ஆள் அனுப்புவார்கள். அவர் வர இரண்டு நாள். மேக் மாற்ற வேண்டும் என்று சொன்னால் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவரே ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுவார். எனக்கு ஆறாம் நாள்தான் இந்த வார்த்தை கிடைத்தது.

தயாராக வைத்திருக்க வேண்டியவை மூன்று. வாடிக்கையாளர் எண் அல்லது யூசர் நேம், கணக்கில் பதிந்த மொபைல் போன், புதுக் கார்டின் மேக் முகவரி. அந்த மொபைலுக்கு ஓடிபி வரும். கணக்கு வீட்டு உரிமையாளர் பேரில் இருந்தால் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மேக் முகவரி கார்டின் மேலேயே ஒட்டியிருக்கும். மாட்டும் முன் படம் எடுத்திருந்தால் நல்லது, இல்லையென்றால் விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் பிசிகல் அட்ரஸ் என்ற வரியில் இருக்கும். போனில் ஓர் எழுத்தைத் தவறாகக் கேட்டாலும் திறக்காது. வாயால் சொல்வதைவிட வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இதற்குக் கட்டணம் என்று எங்கள் ஆபரேட்டர் எதுவும் வாங்கவில்லை. ஞாயிறும் இரவு எட்டு மணிக்கு மேலும் யாரும் எடுக்க மாட்டார்கள் என்பதால், கார்டு மாட்டுவதை வார நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய மேக் எண்ணையே புதுக் கார்டில் கையால் எழுதிக்கொள்ளவும் வழி உண்டு. கார்டு பண்புகளில் அட்வான்ஸ்டு பக்கத்தில் நெட்வொர்க் அட்ரஸ் என்ற வரி பல கார்டுகளில் இருக்கும். அவசரத்துக்குச் சரி. விண்டோஸை மறுபடி போட்டால் அது அழிந்துவிடும், அன்றைக்குக் காரணம் உங்களுக்கு நினைவிருக்காது.

நான் கடைசியில் கார்டின் மேக்கைக் கொடுக்கவில்லை. வீணாகிவிட்டது என்று நினைத்த அந்த 1,650 ரூபாய் ரவுட்டரின் மேக்கைக் கொடுத்தேன். ஆபரேட்டர் கேபிள் இப்போது ரவுட்டருக்குப் போகிறது, அங்கிருந்து சிஸ்டத்துக்கு. இனிமேல் எந்தக் கார்டை மாற்றினாலும் யாருக்கும் போன் செய்ய வேண்டாம். வீட்டில் போன்களுக்கும் வைஃபை கிடைத்தது.

9. அடுத்த மழைக்கு முன்

வெளியிலிருந்து வரும் செப்புக் கேபிள்தான் இடியை உள்ளே கூட்டி வருகிறது. ஃபைபர் கிடைக்கும் தெரு என்றால் மாறிவிடுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. அப்படியே மாறினாலும் ஃபைபர் பெட்டியின் அடாப்டர் சுவர் பிளக்கில்தானே இருக்கிறது, அந்த வழி திறந்தே இருக்கும்.

வானம் இருட்டும்போதே, இடி தூரத்தில் இருக்கும்போதே, ஆபரேட்டர் கேபிளையும் பவர் பிளக்குகளையும் கழற்றிவிடுங்கள். சிஸ்டத்தை ஷட் டவுன் மட்டும் செய்துவிட்டு விட்டால் போதாது, லேன் கேபிள் செருகித்தானே இருக்கிறது. தலைக்கு மேல் இடிக்க ஆரம்பித்த பிறகு கேபிளில் கை வைக்காதீர்கள். கழற்றிய நுனியைக் கேபினட்டின் மேல் போடாமல் தள்ளி, தரையைத் தொடாமல் தொங்கவிடுங்கள். அடிக்கடி கழற்றி மாட்டினால் கனெக்டரின் பிளாஸ்டிக் நாக்கு ஒடியும். ஒடிந்ததை அப்படியே வைத்து ஓட்டினால் கேபிள் பாதி வெளியே வந்து, வேகம் 100-க்கு இறங்கி, நீங்கள் மறுபடி 2-ஆம் படியிலிருந்து தொடங்குவீர்கள். கனெக்டர் மாற்றிக் கடித்துக் கொடுக்க எங்கள் ஊரில் 50 ரூபாய் வாங்குகிறார்கள். எட்டுக் கம்பியையும் கடிக்கச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள்.